இரண்டு 2312

மதுரை
4.3.1979

அன்புத் தங்கை தனத்துக்கு,

நீயும் மாப்பிள்ளை மருதமுத்துவும் சந்திராவும் சுகமாக இருக்க மீனாட்சி துணை. ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள் சங்க மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். கம்பெனி ரயில்களெல்லாம் சர்க்கார் கைக்கு வந்து ஒன்றானபோது பெட்டிகளுக்கு எண் போட்ட கதையை எழுதியிருக்கிறேன். கம்பெனிக்குக் கம்பெனி 312 என்று ஒரு பெட்டி இருந்ததே, குழப்பம் வராமலிருக்க நம் பெட்டிகளின் எண்ணோடு இரண்டாயிரத்தைக் கூட்டி எழுதினோமே, அதெல்லாம் வருகிறது. "பெயிண்டர் மருதமுத்துவின் கவனக்குறைவால் இரண்டு பெட்டிகளுக்கு 2312 என்று விழுந்தது, அவர் வேலை இழந்தார்" என்று ஒரு வரியும் உண்டு. பெயர் வருவதால் மாப்பிள்ளை சம்மதக் கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டும். சந்திரா கல்யாணத்துக்கு மாமன் சீரோடு முன்னாடியே வந்துவிடுவேன்.

அண்ணன்
சோமசுந்தரம்

நெய்வேலி
9.3.1979

அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். கையெழுத்து வராது.

பெட்டியில் முதலில் சாக்பீஸால் எண் எழுதுவது நீங்கள். அதன்மேல் பெயிண்ட் அடிப்பதுதான் அவர் வேலை. அடித்த பிறகு சாக்பீஸ் எங்கே தெரியும்? 2321 என்று எழுதவேண்டிய பெட்டியில் 2312 என்று எழுதியது உங்கள் கை. இரண்டையும் ஒரே வண்டியில் கோத்து, ஜனங்கள் இடத்துக்கு அடித்துக்கொண்ட அன்றைக்கு, "எனக்கு ரெண்டு பிள்ளைங்க தனம், மாப்பிள்ளையைப் பேசாம இருக்கச் சொல்லு" என்று என் முன்னால் உட்கார்ந்து அழுதீர்கள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத நான் அவர் வாயை அடைத்தேன். அந்தப் பாவம் என்னுடையதுதான், இல்லையென்று சொல்லவில்லை.

இங்கே இருபது வருஷமாகக் குவார்ட்டர்ஸ் கதவுகளுக்கு எண் எழுதுகிறார். எந்த பிளாக்கிலும் ஒரு எண் இரண்டு கதவில் விழுந்ததில்லை. அந்த வரியை எடுங்கள். இல்லையா, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

தங்கை
தனபாக்கியம்

மதுரை
15.3.1979

தனம்,

பழசைக் கிளறாதே. இருபத்தேழு வருஷமாக மாப்பிள்ளையே வாய் திறக்கவில்லை, உனக்கென்ன வந்தது? கட்டுரையைக் கொடுத்தாகிவிட்டது. ஃபோர்மேனாக ஓய்வுபெற்றவன் நான், ஊரில் எனக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. நீ பிடிவாதம் பிடித்தால் சந்திரா கல்யாணம் மாமன் இல்லாமல்தான் நடக்கும். மணவறையில் மாமன் மாலை போட ஆளில்லை என்றால் சம்பந்தி வீட்டில் என்ன பேசுவார்கள், யோசித்துக்கொள்.

சோமசுந்தரம்

நெய்வேலி
22.3.1979

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை அவரிடம் வாசித்துக் காட்டினேன். "விடு தனம், அண்ணன் வந்தா சந்திராவுக்குச் சந்தோஷம்" என்றார். அது அவர் குணம். எனக்கு அது வராது.

யோசிக்கச் சொன்னீர்கள், யோசித்தேன். சம்பந்தி வீட்டுக்கு நானே போய் ஒன்று விடாமல் சொன்னேன். ஜானகியம்மாள் காபி கொடுத்து, மறைக்காமல் சொன்னதே போதும் என்று அனுப்பிவைத்தார்கள். சந்திராவிடமும் சொன்னேன். "மாலையை அப்பாவே போடட்டும்மா" என்றுவிட்டாள். சாக்பீஸ் பிடித்தது யார், பெயிண்ட் அடித்தது யார் என்று சங்கச் செயலாளருக்கும் என் கையெழுத்துப் போட்டு எழுதிவிட்டேன்.

மந்தாரக்குப்பத்தில் அடித்த கல்யாணப் பத்திரிகை இத்துடன் இருக்கிறது. தாய்மாமன் என்று உங்கள் பெயர் வரவேண்டிய வரியை அச்சகத்தில் எடுக்கச் சொல்லிவிட்டேன். வருவதென்றால் வாருங்கள், இலை போட்டுச் சாப்பாடு உண்டு. மணவறைப் பக்கம் மட்டும் வரவேண்டாம்.

மருதமுத்து மனைவி
தனபாக்கியம்