ஒருவரும் கேட்காத வானொலியில் உங்கள் பெயர்

அத்தான்,

இன்று காலை முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தபோது குசினி வானொலியில் உங்கள் நிலையம் தானாகப் பிடித்துக்கொண்டது. மொன்றியலில் எங்கள் நோத்ர-டாம்-த-கிரேஸ் வீட்டில் அது எல்லா நாளும் கிடைக்காது என்று உங்களுக்குத் தெரியும். பெட்டியைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்து, அன்ரெனாவை யன்னல் சட்டத்தில் முட்ட வைக்கவேண்டும். அப்படி வைத்தாலும் பாதிப் பாட்டில் பிரெஞ்சுச் செய்தி வந்து மூடிவிடும். இன்றைக்கு நான் கையே வைக்கவில்லை.

முதலில் பாஞ்சோ என்கிற அந்தத் தந்தி வாத்தியம் கேட்டது. அதுவரை சரி. பிறகு பாடவேண்டிய இடத்தில் ஒரு பெடியன் கடகடவென்று பேசத் தொடங்கினான். பின்னாலே டும் டும் என்று கணினி மேளம். நிற்பாட்டுவதற்காக எழும்பினேன். அப்போது முன்பு காரில் நீங்கள் சொல்வது காதுக்குள் கேட்டது: “பொறும் மச்சாள், கதை வரட்டும்.”

இருந்துவிட்டேன். கதை வந்தது.

நீங்கள் துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றி ரொறன்ரோவுக்கும் மொன்றியலுக்கும் இடையே ஓடிய மனிதர். லொறி பழக்கிய பிரெஞ்சுக்காரக் கிழவர் நாள் முழுக்கக் கன்ட்ரி எனும் நாட்டுப்புறப் பாட்டுத்தான் போடுவாராம், அதுவும் பிரெஞ்சில். அவருடைய சிகரெட் உங்களுக்குப் பிடிக்கவில்லை, பாட்டு பிடித்துவிட்டது. ஒன்ராறியோ எல்லைப் பக்கம் போனதும் ஆங்கிலத்தில் அதே மாதிரிப் பாட்டுப் போடும் ஒரு நிலையம் அகப்பட்டது. அன்றிலிருந்து உங்களுக்கு வேறு வானொலி இல்லை. எங்கள் ஆட்களின் தமிழ் வானொலியைப் போட்டால், “செய்தியும் மரண அறிவித்தலும் உம்மட அக்கா சொல்லுவா, எனக்கேன்?” என்பீர்கள்.

வெள்ளிக்கிழமைகளில் அக்காவையும் என்னையும் கோயிலுக்கு ஏற்றிப்போவது உங்கள் பொறுப்பு. நீங்கள் உள்ளே வந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் காருக்குத் திரும்பிவிடுவீர்கள். பூசை முடிந்து நாங்கள் வந்து கதவைத் திறந்தால் உள்ளே ஒருவன் கிற்றாரோடு அழுதுகொண்டிருப்பான்.

“அத்தான், நெத்தியில வீபூதி காயேல்லை. அதுக்குள்ள இந்தக் கூத்தோ?”

“இவனும் கடவுளைத்தான் கூப்பிடுறான் மச்சாள். கொஞ்சம் தண்ணியைப் போட்டிட்டுக் கூப்பிடுறான், அவ்வளவுதான்.”

“ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு வாங்கோ, பஞ்சாமிர்தம் கொட்டுப்படப் போகுது” என்பாள் அக்கா பின்னாலிருந்து.

ஆனால் அந்தப் பாட்டுகளில்தான் நான் ஆங்கிலம் படித்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படிக்க எனக்கு நேரம் அமையவில்லை. மற்றப் பாட்டுக்காரர் சொல்லை மென்று விழுங்கினார்கள். உங்கள் ஆட்கள் சொல்லைச் சொல்லாக நீட்டிப் பாடினார்கள். அம்மா, படலை, மழை, நெடுஞ்சாலை, மன்னிப்பு எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று உங்கள் காரில் இருந்துதான் பிடித்துக்கொண்டேன். பிறகு பிள்ளைகளின் ஆசிரியரோடு நானே கதைத்தேன். நீங்கள் அதை எல்லோருக்கும் சொல்லித் திரிந்தீர்கள்.

பிறகு அந்த நிலையமும் மாறியது. கன்ட்ரிக்குள் ராப் வந்தது, நடன மேளம் வந்தது, எங்கேயோ கேட்ட ரெகே சாயலும் வந்தது. உங்களை விட எனக்குத்தான் கோபம். கலப்படம் என்றேன். கடலை மாவில் கோதுமை மா கலந்து விற்பதும் இதுவும் ஒன்று என்றேன். நீங்கள் சிரித்துக்கொண்டே சமிக்ஞை விளக்கில் காரை நிறுத்தினீர்கள்.

“உங்கட பஜனையில போன கிழமை அம்மன் பாட்டு ஒண்டு படிச்சீங்கள். அது எந்தப் படத்து மெட்டு, சொல்லும் பாப்பம்.”

எனக்கு மெட்டும் தெரியும், படமும் தெரியும். அக்காதான் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்குத்தான் நீங்கள் அதைச் சொன்னீர்கள்: “பாட்டுக்குள்ள ஒரு ஆள் இருக்கோணும். அந்த ஆளுக்கு ஒரு வீடு இருக்கோணும். அந்த வீட்டில ஒரு பிழை நடந்திருக்கோணும். மிச்சத்துக்கு எந்த மேளத்தையும் அடிக்கட்டும்.”

இப்படிச் சொன்ன நீங்கள்தான், அத்தான், ரொறன்ரோவில் இருந்த உங்கள் தம்பியின் மகள் துளசி, ஜமேக்காவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளையான டெவனைக் கட்டியபோது கல்யாணத்துக்குப் போகவில்லை. அழைப்பிதழை அக்கா சுவாமி அறையில் வைத்திருந்தாள். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பி தொலைபேசியில் கெஞ்சினார். “உன்ர விருப்பப்படி செய்தாய்தானே, இனி எனக்கு அங்க என்ன அலுவல்?” என்று வைத்துவிட்டீர்கள். அதன் பிறகு கிழமையில் எத்தனையோ தரம் அவர் வீட்டுக்குப் பிரியும் சாலையைத் தாண்டி லொறி ஓட்டினீர்கள். ஒரு தரமும் நெடுஞ்சாலையை விட்டு இறங்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, மகனுக்குக் கதவு திறக்காத தகப்பனைப் பற்றி ஒரு பாட்டுப் போனது. கடைசியில் தகப்பன் கதவைத் திறக்கிறான். நீங்கள் கண்ணைத் துடைத்தீர்கள். எனக்கு வாய் நிற்கவில்லை.

“அத்தான், பாட்டிலதான் கதவு திறக்கலாமோ?”

வானொலியை நீங்களாக நிற்பாட்டியது அந்த ஒரு நாள்தான். கர்க்லாண்டில் உங்கள் வீடு வந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு முதலில் இறங்கிப் போனீர்கள்.

உங்கள் அறுபதாவது பிறந்தநாளுக்கு நீங்கள் வேலைக்குப் போவதாகச் சொன்னதும் அக்கா சோர்ந்துபோனாள். சமைத்த சாப்பாட்டை யாருக்குக் கொடுப்பது? எனக்கு ஒரு யோசனை வந்தது. மத்தியானத்தில் உங்கள் நிலையத்தில் நேயர் விருப்பம் உண்டு. அந்த நேரம் நீங்கள் சாலையில் இருப்பீர்கள், வேறு வானொலியும் கேட்கமாட்டீர்கள். தொலைபேசி எடுத்தேன்.

அறிவிப்பாளர் கரகரத்த குரலில் ஒரு பெண். யாருக்கு, எந்தப் பாட்டு, யார் கேட்கிறீர்கள் என்றார். எங்கள் வானொலியில் வாழ்த்துச் சொல்கிற முறை ஒன்றுதான் எனக்குத் தெரியும். அன்பு மனைவி, பிள்ளைகள், மருமக்கள், மச்சாள், சகலன், தம்பி, தம்பி பெண்சாதி, பெறாமகளான தம்பி மகள், அவளுடைய கணவர் என்று வயதுப்படி எல்லோரும் வாழ்த்துவதாகச் சொல்லவேண்டும். ஒவ்வொருவரிடமும் கேட்டா சொல்கிறோம்? குடும்பம் என்றால் வாழ்த்துகிறதுதானே. ஒரு பெயர் விட்டுப்போனால்தான் பிழை. அது அவர்களை வெளியே நிறுத்தியதற்குச் சமம். கணக்கில் ஒரு சதம் இடித்தாலே எனக்கு நித்திரை வராது, ஒரு ஆள் குறைந்தால் வருமா? அக்கா இன்றைக்கும் நான் திட்டம் போட்டுச் செய்தேன் என்கிறாள். இல்லை அத்தான். வரிசையில் தம்பிக்குப் பிறகு துளசி வந்தாள், துளசிக்குப் பிறகு டெவன் வந்தான். வந்தபடி சொன்னேன்.

அந்தப் பெண் பெயர்களைத் திரும்ப எண்ணிப் பார்த்தார். அங்கே ஒருவர் ஒருவருக்கு ஒரு பாட்டுக் கேட்பதுதான் வழக்கமாம், எனக்கு எப்படித் தெரியும்? “இவ்வளவு பேரும் அவரை வாழ்த்துகிறார்களா?” என்று கேட்டார். ஓம் என்றேன். “கொடுத்துவைத்த மனிதர்” என்று சொல்லி எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார். பிறகு ஒன்று விடாமல் வாசித்தார். தடுக்கித் தடுக்கி, திரும்ப வாசித்து, சிரித்து, மூச்சு வாங்கி. நானும் அக்காவும் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அன்ரெனாவைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். அவர் தடுக்காமல் சொன்ன ஒரே பெயர் டெவன். அக்கா என் கையை நுள்ளினாள். “என்னடி செய்துபோட்டாய்?” என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நீங்கள் லொறியை ஓய்விடத்தில் நிறுத்திவிட்டீர்களாம். கோபத்தில்தான் நிறுத்தினீர்கள் என்று பிறகு சொன்னீர்கள். எங்களுக்கு எடுத்து ஏசத்தான் தொலைபேசியையும் எடுத்தீர்கள். ஆனால் ஏசுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

“ஊருக்கெல்லாம் கேட்டிருந்தா வெக்கப்பட்டிருப்பன் மச்சாள். எங்கட ஆக்கள் ஒருத்தரும் கேக்காத ரேடியோ. அவ்வளவு பேரும் வந்து என்னட்ட மட்டும் சொல்லிப்போட்டுப் போன மாதிரிக் கிடந்துது.”

வாழ்த்தினவருக்கு நன்றி சொல்லாமல் விடுகிற ஆள் நீங்கள் இல்லை. ஒரு கலியாண வீட்டில் தேநீர் தந்தவரையும் தேடிப்போய்ச் சொல்லிவிட்டு வருவீர்கள். ஓய்விடத்தில் அரை மணித்தியாலம் இருந்துவிட்டுத் தம்பிக்கு எடுத்தீர்கள்.

“ரேடியோவில வாழ்த்தினியாம். நன்றி சொல்ல எடுத்தனான்.”

அவருக்கு ஒன்றுமே தெரியாது. ஆனாலும் அவர் உங்கள் தம்பிதானே.

“ஓம் அண்ணை. வாழ்த்தினனான்தான்” என்றார். பிறகு, “எங்க நிக்கிறியள்? சாப்பிட்டிட்டியளோ?” என்றார்.

அன்று மாலை நீங்கள் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினீர்கள்.

அந்த வீட்டில் நடந்ததை நீங்கள் சொல்லக் கேட்கவேண்டும். துளசி அழுதாளாம். தம்பி பெண்சாதி திரும்பத் திரும்பச் சோறு போட்டாவாம். டெவன் உங்களுக்கு எதிரே வந்து இருந்துகொண்டு, என்ன வானொலி அது என்று கேட்டானாம். நீங்கள் சொன்னதும், “என்னுடைய தாத்தா ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு ஒன்றும் கேட்கமாட்டார்” என்றானாம். ஜமேக்காவில் மலையடி வீடுகளில் ஞாயிறு காலை தேவாலயத்துக்கு வெளிக்கிடும்போது இந்தப் பழைய கன்ட்ரி பாட்டுகள்தான் போகுமாம்.

“கேட்டீரோ, அவங்கள் அதைத் தங்கட ரெகே மேளத்தில திருப்பிப் படிக்கிறாங்களாம்! எங்கட பாட்டை!” என்று என்னிடம் வந்து சொன்னீர்கள். எங்கட பாட்டு. அந்தப் பிரெஞ்சுக்காரக் கிழவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

அடுத்த தைப்பொங்கலுக்கு அவர்கள் எல்லோரும் கர்க்லாண்டுக்கு வந்தார்கள். நிலக்கீழ் அறையில் நீங்களும் டெவனும் பாடினீர்கள். நீங்கள் நேராகப் பாட, அவன் ரெகே தாளத்தில் வெட்டி வெட்டிப் பாடினான். நான் வடையை எண்ணெயில் விட்டுவிட்டுப் படியில் வந்து நின்றேன். வடை கருகியது. ஒருவரும் ஏசவில்லை.

பிறகு நுரையீரலில் அந்தப் பொல்லாத நோய் வந்தது. நாங்கள் நினைத்ததைவிடக் கெதியாக நடந்தது. கடைசிக் கிழமையில் ரொறன்ரோவிலிருந்து டெவன்தான் முதலில் வந்து சேர்ந்தான். கட்டிலோரம் இருந்து கைத்தொலைபேசியில் ஒரு புதுப் பாட்டைச் சின்னச் சத்தத்தில் போட்டான். பாஞ்சோ, அதற்கு மேலே ராப். நான் தேவாரம் படித்து முடித்து அப்போதுதான் புத்தகத்தை மூடியிருந்தேன். நிற்பாட்டு என்று சொல்ல வாய் வந்தது. உங்கள் விரல் போர்வையில் தாளம் போடுவதைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

“மேளம் கூடிப்போச்சு” என்றீர்கள். கொஞ்சம் பொறுத்து, “ஆள் இருக்கு. வீடு இருக்கு” என்றீர்கள்.

இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் அக்காவும் நானும் கோயிலுக்குப் போகிறோம், மெற்றோவிலும் பேருந்திலும். முதல் முறை டெவனின் பெயரைச் சொல்லி அருச்சனை செய்யப் போனபோது ஐயர் நட்சத்திரம் கேட்டார். தெரியாவிட்டால் சுவாமியின் பெயருக்குச் செய்யலாம் என்றார். எனக்கு அது சரிப்படவில்லை. டெவனின் தாய்க்குத் தொலைபேசி எடுத்து, உங்கள் காரில் படித்த ஆங்கிலத்தில், மகன் பிறந்தது எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அவர் பயந்துபோனார். ஏன் என்று விளங்கப்படுத்தியதும், “எங்கள் பாதிரியாரிடமும் உங்கள் எல்லோருடைய பெயரையும் கொடுக்கிறேன்” என்றார். பஞ்சாங்கத்தை வைத்து நானே பார்த்தேன். பூரட்டாதி.

போனவர்களுக்கு அருச்சனை இல்லை, அத்தான். அதனால் நான் பெயர்களைச் சொல்லும்போது அக்காவுக்கு அடுத்ததாக நீங்கள் இருந்த இடத்தில் ஒரு மூச்சு நின்றுவிடுகிறது. ஐயர் முடிந்ததென்று நினைத்துத் தட்டை எடுக்கப் பார்ப்பார். “பொறுங்கோ ஐயா, இன்னும் இருக்கினம்” என்று சொல்லிவிட்டுத் தொடங்குவேன். பிள்ளைகள், மருமக்கள், தம்பி, தம்பி பெண்சாதி, துளசி, டெவன், பூரட்டாதி.

ஒருவரையும் விடுவதில்லை.

மச்சாள்