உழாத வயலில் காலடி

ஜூன் 9

விதைப்பு முடிந்தது. மழை இல்லை. மழையளவு எழுதத்தான் டாக்டரம்மா இந்த டைரியைக் கொடுத்தார். பெய்யாத நாளில் என்ன எழுதுவது? வம்புதான்.

டாக்டரம்மா ஊசி போடுகிறவர் இல்லை. மண்ணைப் படித்த டாக்டர். இந்த ஆராய்ச்சிப் பண்ணைக்கு அவர் சின்ன வயதில் வந்தபோது ஒரு வயலை உழாமல் விட்டார். அன்றிலிருந்து அது கலப்பையையே பார்த்ததில்லை. அறுத்த தாள் அப்படியே போர்வை மாதிரி மூடிக்கிடக்கும். அதைச் சக்கரக் கத்தியால் கீறி, கீறலுக்குள் விதை போட்டு மூட ஒரு மிஷின். யோசித்தது அவர், பட்டறையில் வெல்டிங் வைத்தது என் வீட்டுக்காரர், டிராக்டரில் மாட்டி ஓட்டுவது நான். சக்கரம் எப்போதும் அதே தடத்தில்தான் போக வேண்டும். தடத்தை விட்டு இறங்கி ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது, மண் இறுகிவிடும். நாங்கள் அந்த வயலுக்கு வைத்த பேர் தூங்குமூஞ்சி.

"மெதுவாப் பேசுங்க டாக்டரம்மா, முழிச்சுக்கப் போறா."

"முழிச்சா உன் தொணதொணப்புக்கு உன்னைத்தான் முதல்ல கடிப்பா."

சிரித்தார். ஆனால் சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை. வருஷக் கடைசியில் அவருக்கு ஓய்வு. புதுசாக வந்திருக்கும் பெரிய சார், "இந்த தடவை விளைச்சல் குறைஞ்சா உழுதுடலாம்" என்று சொல்லிவிட்டாராம். கல்யாணம் காட்சி என்று எதுவும் வைத்துக்கொள்ளாத மனுஷி. இருக்கிறது இந்த வயல் ஒன்றுதான்.

ஜூன் 20

கேழ்வரகு பச்சைப் பாய் விரித்த மாதிரி முளைத்திருக்கிறது. நட்டநடுவில், சக்கரத் தடத்தை ஒட்டி ஒரு இடம் மட்டும் சொட்டை. ஒரு கால் அளவு.

"யாரோ செருப்பை மறந்து வச்சுட்டுப் போயிட்டாங்க" என்றேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

ஜூன் 23

இரண்டாவது சொட்டை. முதலாவதற்கு ஒரு எட்டு தள்ளி. முந்தாநாள் அங்கே பயிர் இருந்தது. நான் பார்த்தேன்.

ஜூன் 27

இன்னும் இரண்டு. இடது, வலது, இடது, வலது. ஐந்து விரலும் தெரிகிறது. விரல்கள் எங்கள் பக்கம் பார்க்கின்றன. அதாவது நடுவிலிருந்து வெளியே வருகிறது. உள்ளே போன தடம்? ஒன்றுகூட இல்லை.

விதைக்குழாய் அடைத்திருக்கும் என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். மிஷினைப் புரட்டிப் போட்டுப் பார்த்தார்.

"குழாய் அடைச்சா வரிசை நேரா காலியாகும். இது குறுக்க நடக்குது. நடக்கிறதுக்கு என்கிட்ட ஸ்பேர் இல்ல" என்றார்.

அப்புறம் என் காலைப் பார்த்து, "அடியே, உன் முறக்கால் மாதிரிதான் இருக்கு அதுவும்" என்றார். எனக்கு ஆம்பளைச் செருப்பில்தான் கால் நுழையும், ஊருக்கே தெரியும். டாக்டரம்மா பூட்ஸைப் பார்த்து, பொம்மைக்கு வாங்கினதா என்று நான் கேலி பண்ணுகிறேன் இல்லையா, அந்தக் கேலி திரும்பி வருகிறது. எல்லோரும் சிரித்தோம்.

ஜூலை 1

டாக்டரம்மா மண் இறுக்கம் பார்க்கும் கம்பியைக் கொண்டுவந்தார். சக்கரத் தடத்தின் மேல் பலகை போட்டுப் படுத்துக்கொண்டு கையை நீட்டிக் குத்தினார். பயிர் உள்ள இடத்தில் கம்பி சோற்றில் விரல் விட்ட மாதிரி இறங்குகிறது. சொட்டையில் விரற்கடை இறங்கி, டக்கென்று நிற்கிறது.

"ஈர மண்ணுல நல்ல கனமான ஆள் நடந்தா இப்படி இறுகும்" என்றார்.

"எப்ப நடந்தாங்க?"

"நடக்கலையே."

சாயங்காலம் வெகுநேரம் வரப்பிலேயே நின்றார். நான் டீ கொண்டுபோனேன். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார், ஆறிப்போகும்வரை.

ஜூலை 8

காலடிகள் வயலோரக் கொட்டகைப் பக்கம் வந்துவிட்டன. இன்னும் நாலு எட்டு வைத்தால் வரப்பு.

பெரிய சார் வந்து பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. "மேலிடத்துக் குழு வரும்போது இந்தப் பேய்க்கூத்தையா காட்டுவீங்க? திங்கக்கிழமை பயிரோட மடக்கி உழுதுடுங்க." என்னைப் பார்த்து, "நீங்கதான்மா ஓட்டணும்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

ஓட்டாவிட்டால் வேலை போகும். ஓட்டினால்? யாரிடம் கேட்பது? வீட்டுக்காரரிடம் கேட்டேன். "உன் கால், உன் கிளட்ச்" என்று திரும்பிப் படுத்துவிட்டார்.

ஜூலை 12

ராத்திரியெல்லாம் நல்ல மழை. அளவு பார்க்க மறந்தேன். முதல் தடவை.

எழுத்து கோணலாக வருகிறது. பரவாயில்லை, படிக்கப்போவது நான்தானே.

காலையில் கலப்பையைத் தூக்கி வைத்துக்கொண்டு சக்கரத் தடத்தில் உள்ளே போனேன். செருப்பு எப்பவும் போல கொட்டகையில். வெறும் காலில்தான் எனக்கு வண்டி பேசும். நடுவிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருந்தார்கள். நடுவில் நிறுத்தி, கலப்பையை இறக்க நெம்புகோலில் கை வைத்தேன். திரும்பிப் பார்த்தால் கொட்டகை ஓரத்தில் டாக்டரம்மா துணி நழுவுகிற மாதிரி அப்படியே மடங்கி மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

நான் குதித்தேன். தடமாவது ஒண்ணாவது — குறுக்கே நடந்தேன், அவரைப் பார்த்தபடியே. பாதி வழியில், வரப்பில் நின்ற பெரிய சார் கத்தினார்: "அம்மா, கீழ பாருங்க!"

பார்த்தேன். என் இடது கால் ஒரு சொட்டைக்குள் இருந்தது. சரியாக, அச்சில் வார்த்த மாதிரி. வலதைத் தூக்கினேன். நான் வேண்டுமென்றே வைக்கவில்லை, சத்தியமாக. அதுவும் அடுத்த சொட்டையில் போய் உட்கார்ந்தது. திரும்பிப் பார்த்தேன். வண்டியிலிருந்து நான் இறங்கிய இடம், முதல் சொட்டை.

அப்ப இத்தனை நாளா நடந்து வந்தது யாரு? நானா? நடக்கறதுக்கு முன்னாடியேவா?

மீதி எட்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன். அதற்கும் தடம் தயாராக இருந்திருக்கும். டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்குத் தெரியுமா, மண்ணு எதையும் மறக்காதுன்னு வாழ்க்கை பூராச் சொன்னேன். முன்கூட்டியே தெரிஞ்சுக்கும்னு ஒரு நாளும் எழுதல" என்றார்.

பெரிய சார் காரில் ஏறிப் போய்விட்டார். கதவைக்கூடச் சரியாகச் சாத்தவில்லை.

ஜூலை 19

உழு என்று யாரும் சொல்லவில்லை. பெரிய சார் என்னைக் கண்டால் வேறு பக்கம் போகிறார். குழு வந்தது. சொட்டையைப் பற்றி ஒருத்தர் கேட்டார். "டிரைவரம்மா இறங்கி நடந்துட்டாங்க" என்றார் டாக்டரம்மா. பொய்யும் இல்லை.

அக்டோபர் 30

அறுவடை. தூங்குமூஞ்சிதான் முதல்! பக்கத்து வயலை விட கூடுதல். இனி யாரும் அதை உழ முடியாதாம், மேலிடத்திலிருந்து எழுதி வந்துவிட்டது. டாக்டரம்மா பேரில் பலகை வைக்கப்போகிறார்கள். "செத்தவங்களுக்குத்தானே பலகை வைப்பாங்க" என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொல்லிவிட்டேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இந்தத் தடவை கண்ணும் சேர்ந்து சிரித்தது.

டிசம்பர் 31

விடைபெற்றார். பூட்ஸை மட்டும் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனார். "நான் வருவேன். எலி கடிக்காம பாத்துக்க."

ஜூன் 22

வருஷமும் டைரியும் மாறிவிட்டன. விதைத்தாயிற்று, முளைத்தாயிற்று. இன்று வயலுக்குள் நுழையும் இடத்தில் ஒரு சொட்டை.

விரல் இல்லை. பூட்ஸ் அடி. பொம்மைக்கு வாங்கின அளவு.

ஜூன் 28

உள்ளே போகிறது. குதிகால்தான் எங்கள் பக்கம்.

ஜூலை 3

நடு வயலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே இன்று காலையில் இன்னொரு சொட்டை பார்த்தேன். காலடி இல்லை. ஒரு சின்ன ஆள் ஒருக்களித்துப் படுத்த அளவு. முழங்கால் மடக்கினது கூடத் தெரிகிறது. திரும்பி வந்த தடம் இல்லை. வயல் முழுக்கத் தேடினேன். இல்லை.

ஜூலை 4

டாக்டரம்மா போன். புதன்கிழமை வருகிறாராம், பலகை திறப்புக்கு.

"வராதீங்க" என்றேன். "கால் வலின்னு சொல்லிடுங்க. நான் வேணா வீட்டுக்கு வர்றேன்."

"என்னம்மா இது, என் வயலுக்கு என்னையே வர வேணாங்கிற?" சிரிக்கிறார். "பூட்ஸைத் துடைச்சு வை."

பூட்ஸை அடுப்பில் போட்டேன். ரப்பர் நாற்றம் வீடு பூராவும். அப்புறம் போய்ப் பார்த்தேன். சொட்டை அப்படியே இருக்கிறது.

ஜூலை 5

வீட்டுக்காரரிடம் கலப்பையை மாட்டச் சொன்னேன். அவர் எதற்கு என்று கேட்கவில்லை. வயலைப் பார்த்திருக்கிறார்.

விடிந்ததும் மடக்கி உழுதுவிடுவேன், வரப்பிலிருந்து வரப்பு வரைக்கும், ஒரு பிடி இடம் விடாமல். படுக்க இடம் இருந்தால்தானே படுப்பார். வேலை போகும். அவருடைய ஆயுசு உழைப்பு போகும். என்னைச் சும்மா விட மாட்டார், செத்தாலும் மன்னிக்க மாட்டார்.

இருந்து திட்டட்டும்.