காரின் டிக்கியில் உன் பெயர்

இன்று காலை ஆபீஸுக்கு முன் நம் பள்ளியை எட்டிப் பார்க்கப் போகும்போது, ஃப்ரீவேயை விட்டு இறங்கி இடப்பக்கம் திரும்பிய இடத்தில், டிக்கியிலிருந்து 'டங்' என்று சத்தம் வந்தது. பித்தளைத் தகடுதான். ஒரு மூலையிலிருந்து சறுக்கிப் போய் மறு மூலையில் இடிக்கிறது. அதில் உன் பெயர் பொறித்திருக்கிறது. நீ பிறந்த வருடமும் கண் மூடிய வருடமும் கூட இருக்கின்றன. மூன்று மாதமாக ஆபீஸ், மளிகைக் கடை, கோயில் என்று நான் போகிற இடமெல்லாம் அதுவும் வருகிறது.

நீ பார்த்தால், "எதையும் ஒழுங்கா எடுத்து வைக்கத் தெரியாதா உனக்கு?" என்று திட்டுவாய். இதை எங்கே எடுத்து வைப்பதென்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. அதைச் சொல்ல உன்னைத் தவிர ஆளும் இல்லை.

நம் பள்ளி டெக்சஸில், இந்தக் காப்பெல் ஊரில், என் சமையலறை மேசையில் பிறந்தது. கோயம்புத்தூரில் ஓவிய ஆசிரியையாக இருந்தவள் நீ. இங்கே வந்து, வேலை பார்க்க அனுமதியில்லாத விசாவில் எட்டு வருடம் கழித்தாய். கராஜில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக் கொடுத்தாய். கிரீன் கார்டு வந்த வாரமே என் வீட்டுக்கு வந்து, "விஜி, ஒரு ஸ்கூல் ஆரம்பிக்கலாமா?" என்றாய். வீட்டில் தோசை மாவு இருக்கிறதா என்று கேட்கிற அதே குரல்.

சார்ட்டர் பள்ளி என்றால் அரசு செலவில் நடப்பது, பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் எந்தக் கொள்கைகளோடு நடத்தப்போகிறோம் என்பதை நாமே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது. எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மென்பொருளில் பிழை தேடிச் சம்பளம் வாங்குகிறவள் நான். நீட்டி முழக்கி இரண்டு பக்கம் எழுதினேன். நீ படித்துவிட்டுத் தாளைத் திருப்பி வைத்தாய்.

"இது உன் ஆபீஸ் பவர்பாயின்ட் மாதிரி இருக்குப்பா. டிராப் பண்ண வர்ற ஒரு அம்மா கார்ல உக்காந்து படிச்சா புரியணும்."

கடைசியில் நான்கே வரிகள் மிஞ்சின. திறமை பார்த்துச் சேர்க்க மாட்டோம், குலுக்கல்தான். எல்லாப் பிள்ளையும் தினமும் ஒரு மணி நேரம் கையால் எதையாவது செய்யும். ஆசிரியர்களும் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்வார்கள். பள்ளிச் சுவரில் யாருடைய பெயரும் வராது.

நாலாவதற்குத்தான் நான் சண்டை போட்டேன். "பேர் இல்லாம படத்தை மாட்டினா பேரன்ட்ஸ் சும்மா விடுவாங்களா?"

"பேரு பின்னாடி இருக்கும். எக்ஸிபிஷன் கடைசி நாள் திருப்பிப் பார்த்துக்கட்டும். அதுவரைக்கும் தன் பிள்ளை படத்தைத் தேடணும்னா எல்லார் பிள்ளை படத்தையும் பார்த்துத்தானே ஆகணும்?"

அப்புறம் ஊர்க் கோயில் டியூப்லைட் கதையை எடுத்தாய். உபயம் செய்தவர், அவர் மனைவி, மக்கள் எல்லார் பெயரையும் பெயின்ட்டில் எழுதி, வெளிச்சம் வர இடமில்லாமல் செய்த டியூப்லைட். "நம்ம ஸ்கூல்ல வெளிச்சம் வரட்டும்டி" என்றாய். நான் சிரித்துத் தோற்றுப் போனேன்.

அதே சூட்டில் இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னாய். இந்த நான்கில் எதை மாற்றுவதென்றாலும் நிர்வாகக் குழு மொத்தமும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவர் மறுத்தாலும் மாற்றக் கூடாது.

"யாரு மறுக்கப் போறா?"

"நீதான். தப்பு கண்டுபிடிக்கிறதுதானே உன் பொழப்பு?"

முதல் கண்காட்சி நினைவிருக்கிறதா? மூடிப்போன ஒரு ஃபர்னிச்சர் கடையில்தான் பள்ளி தொடங்கியது. புதுக் கார்ப்பெட்டின் பசை வாசனை இன்னும் போயிருக்கவில்லை. மழையில் நிற்கும் மஞ்சள் பஸ் ஒன்றை யாரோ வரைந்திருந்தார்கள். அது என் அனு வரைந்ததுதான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அதன் முன்னால் நின்று அழுதேன், போட்டோ எடுத்தேன், வந்தவர்களையெல்லாம் இழுத்துக் காட்டினேன். கடைசி நாள் திருப்பிப் பார்த்தால் வேறொரு பிள்ளையின் பெயர். எட்டு வயது அனு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, தட்ஸ் நாட் மைன். யூ வாக்ட் பாஸ்ட் மைன்."

நான் நிற்காமல் தாண்டிப் போன படத்தில் ஒரு சமையலறை மேசை இருந்தது. இரண்டு பெண்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நீயும் நானும். என் முதுகை எனக்கே அடையாளம் தெரியவில்லை. நீ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "போகுது விடு, ஒரு பிள்ளைக்குப் பதிலா ரெண்டு பிள்ளையைப் பார்த்துட்ட" என்றாய்.

ஜனவரியில் நீ போனாய். மார்ச் மாதக் குழுக் கூட்டத்துக்கு உன் வீட்டுக்காரர் இந்தத் தகட்டோடு வந்தார். எங்கள் யாரையும் கேட்காமலே செய்யச் சொல்லி வாங்கியிருந்தார். முன்வாசல் சுவரில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான். கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, அதைப் பார்க்காமலே பேசினார். "எங்களுக்குப் புள்ளையும் இல்ல. அவ பேரு வேற எங்க இருக்கும், சொல்லுங்க?"

ஏழு பேரில் ஆறு கைகள் எழும்பின. என் கை மேசைமேலேயே இருந்தது. அதைத் தூக்க நான் முயற்சி செய்யவில்லை என்று நினைக்காதே.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிள்ளைகளின் படம் போலவே பெயர் பின்பக்கம் இருக்கும்படி மாட்டலாமே என்று சொன்னேன். வாயை விட்டு வந்த பிறகுதான் அது எப்படிக் கேட்கிறதென்று புரிந்தது.

"என் பொண்டாட்டி பேரைச் சுவத்துப் பக்கம் திருப்பி மாட்டச் சொல்றீங்களா, விஜி?"

கூட்டம் முடிந்ததும் பார்க்கிங்கில் என் கார் பக்கமாக வந்து தகட்டை என் கையில் வைத்தார். "நீங்களே வச்சுக்கோங்க. அவளுக்கு எல்லாமே நீங்கதானே." அதற்குப் பிறகு அவர் என் போனை எடுப்பதில்லை. இரண்டு முறை ரசம் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அவர் கார் வாசலில் நின்றது, கதவு திறக்கவில்லை.

ஊரும் சும்மா இருக்கவில்லை. மளிகைக் கடையில் கறிவேப்பிலை எடுத்துக்கொண்டிருந்தபோது அடுத்த வரிசையில் ஒரு குரல் கேட்டது. "உயிரோட இருக்கிறவரைக்கும் ஒட்டி உறவாடிட்டு, இப்ப பேரு வரக்கூடாதாம். பொறாமைதான், வேற என்ன?" நான் கூடையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். வீட்டில் இவர், "ஒரு தகடுதானே, விட்டிருக்கலாம்" என்கிறார். கல்லூரியிலிருக்கும் அனு போனில், "யூ டிட் த ரைட் திங், அம்மா" என்கிறாள். உடனே அவளுக்கு க்ளாஸ் வந்துவிடுகிறது.

சரியாகத்தான் செய்தேனா? உன்னிடம் கேட்டிருக்கலாம். கடைசி இரண்டு மாதம் தினமும் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சீரியலைத் திட்டினோம், நர்ஸைக் கிண்டல் செய்தோம், இதை மட்டும் பேசவில்லை. ஒருவேளை நீ, "போடி, அந்த மனுஷனுக்கு ஆறுதலா இருந்தா மாட்டித் தொலையுங்க" என்று சொல்லியிருப்பாயோ என்னவோ. உன் விதியைக் காப்பாற்றப் போய் உன் வீட்டுக்காரரைக் கைவிட்டுவிட்டேன். இந்த மடலில்கூட உன் பெயரை எழுதவில்லை, பார்த்தாயா? அப்படி ஒரு பிடிவாதம் எனக்கு.

போன வாரம் இந்த வருடக் கண்காட்சி. அங்கே எனக்குத் தேட ஒரு பிள்ளையும் இல்லை. எல்லாப் படத்தையும் பார்த்தேன், ஒன்றையும் விடவில்லை. நீலத்திலேயே வரைந்த ஒரு கோழி இருந்தது. அதன் காலில் ஷூ. "ஏய், இதைப் பாரேன்!" என்று பக்கத்தில் திரும்பினேன். யாரோ ஒரு அப்பா, முகம் தெரியாதவர், மரியாதைக்குச் சிரித்தார். நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அன்று மாலை தகட்டை ஒரு பழைய போர்வையில் சுற்றி வைத்தேன். மறுநாள் அதே திருப்பத்தில் சத்தம் வரவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பத்து வருடம் நீ அங்கேதான் கத்துவாய், "மெதுவாத் திரும்பு, விஜி!" என்று. ஒரு வாரம் சத்தமில்லாமல் ஓட்டிப் பார்த்தேன். கார் அவ்வளவு பெரியதென்று எனக்கு அதுவரை தெரியாது.

இன்று காலை கிளம்பும் முன் போர்வையை எடுத்து வீட்டுக்குள் போட்டுவிட்டேன். திருப்பம் வந்தது. 'டங்' என்றது.

"சரி, சரி. மெதுவாத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு, பள்ளிப் பக்கம் திரும்பினேன்.