மூன்று கொம்பு மாடு

தம்பி,

அலுமாரிக்கு மேலிருந்த கிறிஸ்மஸ் குடில் பெட்டியை இன்றைக்குத்தான் இறக்கினேன். மூடியைத் திறந்ததும் போன வருட வைக்கோலின் மணம் முகத்தில் அடித்தது. மாதாவும் சூசையப்பரும் நீ சுற்றிவைத்த பத்திரிகைத் தாளுக்குள் அப்படியே இருந்தார்கள். உன் மாடு மட்டும் ஒன்றும் சுற்றாமல் மூலையில் கவிழ்ந்து கிடந்தது. "அதுக்குத் தோல் தடிப்பு, ஒண்டும் ஆகாது" என்று ஒவ்வொரு வருடமும் நீதான் அதை அப்படியே போடுவாய். அதைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டிலில் இருந்துவிட்டேன். பிறகு நத்தார் வேலை ஒன்றும் நடக்கவில்லை.

வேறு யாரும் பார்த்தால் அதை மாடு என்று சொல்லமாட்டார்கள். பச்சைப் பிளாஸ்டிக். மூக்கின் மேல் ஒரு குட்டைக் கொம்பு, கண்களுக்கு மேலே இரண்டு நீட்டுக் கொம்பு, கழுத்தை மூடி விசிறி மாதிரி எலும்புத் தட்டு, கிளிச் சொண்டு போல வாய். ட்ரைசெரடொப்ஸ் என்ற டைனோசர். அந்தப் பெயர் என் வாயில் ஒழுங்காக நுழைய ஒரு தவக்காலம் முழுக்கப் பிடித்தது. கொச்சிக்கடைத் திருநாளில் அப்பா உனக்கு வாங்கித் தந்த பையில் இருந்த மிருகங்களில் அதுவும் ஒன்று. பெயர்களையெல்லாம் மருதானைப் பழைய புத்தகக் கடையில் கிடைத்த படப் புத்தகத்தைப் பார்த்து நீயே கண்டுபிடித்தாய்.

அந்த வருடம் கொட்டாஞ்சேனை வீட்டில் அம்மா குடில் கட்டும்போது சுண்ணாம்பு மாடு கைதவறி விழுந்து தலை உடைந்தது. மாடு இல்லாத குடிலா என்று அம்மா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தா. நீ ஓடிப்போய் இதைக் கொண்டுவந்து வைத்தாய்.

"டேய், பிசாசு மாதிரி இருக்கு. எடு அதை."

"அம்மா, ஏரோது ராசா பிள்ளையைக் கொல்ல வந்தா சும்மா மாடு என்ன செய்யும்? இது குத்தும். டைரனோசரையே குத்தினது."

அம்மா அதை எடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டா. ஆடுகளும் கழுதையும் பாலனைப் பார்த்து நிற்க, உன் மாடு மட்டும் வாசலைப் பார்த்து நின்றது. ஏரோது வெளியிலிருந்துதானே வருவான் என்றாய். இடம் கிடைத்ததும் உனக்குத் துணிவு வந்துவிட்டது. குளத்துக்காக வைத்த கண்ணாடித் துண்டில் நீட்டுக் கழுத்துக் கடல் பிராணி ஒன்றை நீந்த விட்டாய். கூரையில் சிறகு விரித்துத் தொங்கிய சம்மனசைக் கழற்றிவிட்டு ஒரு பறக்கும் பிராணியைக் கட்டினாய். அதற்கு அம்மா விடவில்லை.

"அது டைனோசரே இல்லை அம்மா. பறக்கிற ஊர்வன. ஒரு விரல் மட்டும் நீண்டு, அதிலதான் செட்டை விரிக்கிறது."

"டைனோசரும் இல்லை, சம்மனசும் இல்லை. கழட்டு."

குடில் பார்க்க வந்த ஃபாதர் குனிந்து பார்த்து, "இதென்ன மாடு?" என்று கேட்டார். "ஆதிகாலத்து மாடு ஃபாதர்" என்றாய் முகத்தில் சிரிப்பே இல்லாமல். அன்றோடு எங்கள் வீட்டில் அந்த மிருகத்துக்கு மாடு என்பதே பெயராகிவிட்டது.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. ஒழுங்கையில் இரண்டு பெடியன்கள் உன் பள்ளிக்கூடப் பையைப் பறித்து வைத்துக்கொண்டு ஆட்டம் காட்டினார்கள். நான் குடையை நீட்டிக்கொண்டு உனக்கு முன்னால் போய் நின்றேன். வீட்டுக்கு வந்து நீ பெருமையாகச் சொன்னாய்: "அக்கா மாடு மாதிரி நிண்டவ!" மூத்தவளை மாடு என்பதா என்று அம்மா வாயில் ஒன்று போட்டா. நீ அழுது குழறினாய். "நான் நல்ல மாட்டைத்தான் சொன்னனான்!"

நீ கப்பல் கம்பனி ஒன்றில் கிளார்க்காகி, கலியாணம் முடித்து, வெள்ளவத்தைக்குப் போன பிறகும் அந்தப் பைத்தியம் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் கோழியின் நெஞ்சுக் கவட்டை எலும்பை உயர்த்திப் பிடித்து, "இது டைரனோசருக்கும் இருந்தது அக்கா, நாங்கள் தின்னுறது டைனோசர் கறி" என்பாய். உன் மனைவி கரண்டியை வைத்துவிட்டு எழும்பிப் போவாள். பல்கனிக் கம்பியில் வந்து இருக்கும் காகத்துக்கும் அதே டைனோசர் மரியாதைதான். ஒருநாள் மாட்டைப் பற்றிப் புதிதாக ஒன்று சொன்னாய். கடிபட்டு உடைந்த கொம்பு திரும்ப ஆறியிருந்த ஓர் எலும்பு கிடைத்ததாம். "அப்ப அது தப்பியிருக்கு அக்கா. கடிபட்ட பிறகும் கனகாலம் இருந்திருக்கு."

அதைத்தான் வார்டில் உன் காதில் திரும்பத் திரும்பச் சொன்னேன். பாரிசவாதம் வலக்கையையும் பேச்சையும் ஒன்றாகக் கொண்டுபோயிருந்தது. பல நாள் கழித்து உன் வாயிலிருந்து முதலில் வந்த சொல், மாடு. தண்ணீருக்கும் மாடு, காற்றாடிக்கும் மாடு, நோவுக்கும் மாடு. எங்களுக்கு முதலில் சந்தோசம், பிறகு தலையிடி. உன்னைத் தூக்கி இருத்திய ஊழியர், "ஐயா என்னை மாடெண்டு ஏசுறார்" என்று கோபித்துக்கொண்டு போனார். சிங்களத் தாதி, "மொனவத மே கியன்னே?" என்று நீ சொல்வதற்கு அர்த்தம் கேட்டாள். "ஹரக்கா" என்று மாட்டுக்கான சிங்களச் சொல்லைச் சொன்னேன். அவளுடைய முகம் கறுத்துப் போயிற்று. எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் பாலனையும் குடிலையும் மூன்று கொம்பையும் விளங்கப்படுத்தினேன். அடுத்த நாளிலிருந்து அவள் மருந்து தர வரும்போது நெற்றியில் மூன்று விரலை வைத்துக் காட்டினாள். நீ பாதி வாயால் சிரித்தாய்.

"ஒருக்கா எண்டாலும் என்ர பேரைச் சொல்ல மாட்டாரோ, மச்சாள்?" என்று உன் மனைவி நடைபாதையில் நின்று அழுதாள். அவளைத் தேற்றினேனே தவிர, எனக்கும் அதே ஏக்கம்தான். நினைவு தெரிந்த நாளிலிருந்து என்னை அக்கா என்று கூப்பிட்டவன் நீ ஒருவன்தான். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அந்தச் சொல்லில்தான் எனக்கு வீடு இருந்தது. உன் முன்னால் இருந்து வாயை அகலத் திறந்து "அக்-கா" என்று சொல்லிக் காட்டுவேன். நீ என் உதட்டையே பார்ப்பாய். நெற்றி வேர்க்கும். கழுத்து நரம்பு புடைக்கும். கடைசியில் "மாடு" என்று வரும். அது பிழை என்று உனக்கே தெரியும். உன் கண் நிறைந்துவிடும். அதன்பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் ஏறிய அன்று பின்னேரம், இடக்கையால் என் விரலைப் பிடித்தாய். என் முகத்தைப் பார்த்து, ஆறுதலாக, ஒருமுறை சொன்னாய்: "மாடு." அந்த முறை வேர்க்கவில்லை. கண்ணும் கலங்கவில்லை. சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டவன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டாய். அடுத்த நாள் நீ இல்லை.

இப்போது உன் மகள் வந்து பக்கத்தில் இருக்கிறாள். "மாமி, அப்பான்ர மாட்டை எந்தப் பக்கம் பாத்து வைக்கிறது?" என்று கேட்கிறாள். வாசலைப் பார்த்து என்கிறேன். வைக்கோலை விரித்து அவளே வைக்கிறாள்.

உன் ஏரோது வந்தபோது நான் உன் தலைமாட்டில்தான் நின்றேன் தம்பி. குத்துவதற்கு என்னிடம் ஒரு கொம்பும் இருக்கவில்லை. ஆனாலும் விலகவில்லை. நீ அன்றைக்கு நல்ல மாட்டைத்தானே சொன்னாய்?