ஆளில்லாத படம்

மக்கா,

உன் நெகட்டிவ் ஒன்றை நானே அச்சிட்டுப் பார்க்கலாம் என்று நேற்றுப் பிசின் ஊறவைத்திருந்தேன். இன்று காலை மூடியைத் திறந்ததும் அந்தப் புளித்த வாடை. நீ பின்னறையில் நிற்பதாக நினைத்துத் திரும்பிவிட்டேன். நீ இறந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது.

இரணியலில் நாம் சேர்ந்து ஸ்டுடியோ திறந்தபோது, நான் ஆட்களை எடுத்தேன். கல்யாண ஜோடி, குடும்பம், சர்ச் வேலை பார்க்கும் கோயிற்பிள்ளை. அவர்கள் போனபின் நீ கசங்கிய காகிதத்தையும் கண்ணாடித் துண்டையும் ஜன்னலோரம் வைத்துப் படமெடுப்பாய். பிசினில் விளக்குக்கரியும், வெயில் பட்டால் பிசினை இறுகவைக்கும் செம்மஞ்சள் உப்பும் குழைத்துத் தாளில் பூசி, நெகட்டிவை மேலே வைத்து வெயில் காட்டுவாய். பிறகு தண்ணீரில் மிதக்கவிட்டால், வெயில் படாத இடத்துக் கரி மெல்லக் கரைந்து போகும். நீ அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பாய்.

ஒருநாள், கருப்புக்கு நடுவே வெளுத்த கீற்று ஒன்று வந்தது.

"இதுல என்னல இருக்கு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. வெளிச்சம் இருக்கு, பாத்தியா?" என்றாய்.

அதை முன்னறையில் மாட்டினாய். வந்தவர்கள் சிரித்தார்கள், எனக்குக் கூச்சமாக இருந்தது. நீ காய்ச்சலில் படுத்ததும் கழற்றி அலமாரிக்குள் போட்டுவிட்டேன். நான் உன்னைப் பார்க்க வந்த அன்று நீ கேட்டாய்: "ஏலே, படம் அங்கதான இருக்கு?"

"அங்கதாம்ல இருக்கு" என்றேன். நாம் கடைசியாகப் பேசியது அதுதான்.

போன வாரம் குளச்சலிலிருந்து ஒரு பெண் வந்தாள். கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. எப்போதோ கூட்டாளிகளோடு இங்கே படமெடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். அலமாரியிலிருந்த பழைய படங்களை எல்லாம் அவள் முன் பரப்பினேன். எதிலும் அவர் இல்லை. நீ எடுத்த அந்தக் கீற்றுப் படத்தின்மேல் அவள் கை நின்றது.

"அவருக்க மொகம் நெனவுல வரமாட்டேங்கு. கண்ண மூடினா இப்படித்தான் தெரியுது. இத நான் கொண்டுபோகட்டா?"

காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன்.

"இத எடுத்தவரு எங்க?"

நீ இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வெளிய போயிருக்கான். இப்ப வருவான்."

"அப்ப ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே நானும் உட்கார்ந்தேன். வெகுநேரம் நாங்கள் இருவரும் உனக்காகக் காத்திருந்தோம். வெயில் சாய்ந்ததும் அவள் எழுந்து போனாள். அன்றிலிருந்து படியில் காலடி கேட்கும்போதெல்லாம், நிமிர்ந்து பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.