அம்மா மறுபடியும் என்னைத் தோற்கடித்தாள்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சந்தோஷத்தில் எதையாவது விட்டுவிடுவேனோ என்று பயம், அதனால் முதலிலேயே வரிசை போட்டுக்கொள்கிறேன்.

1. நேற்று சதுரங்கத்தில் அம்மா ஜெயித்தது.
2. அவள் தடுமாறுவதை முதலில் கண்டுபிடித்தவன் நான் என்பது.
3. அம்மாவின் சிறுநீரக டாக்டர் சொன்னது.
4. தையல் கடை.

ஒன்றாவது உனக்குச் செய்தியாகவே படாது. கல்யாணமான நாள்முதல் அவளிடம் தோற்பவன்தானே நான். ஆனால் இந்த மழைக்காலம் தொடங்கியதிலிருந்து நான்தான் ஜெயித்துக்கொண்டிருந்தேன், இந்த வயதில் மூளை வளர்கிறது என்று பக்கத்து வீட்டு வாத்தியாரிடம்கூடப் பெருமையடித்துக்கொண்டேன். அம்மாவோ என் குதிரை வெட்டும் கட்டத்திலேயே ராணியைக் கொண்டுவந்து வைப்பாள். பிறகு ஒருநாள் கடையில் ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டாள். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. அவளானால் புத்தி போய்விட்டது, இனிக் கத்திரியைத் தொடமாட்டேன் என்று கட்டடச் சொந்தக்காரரிடம் போய்க் கடையைக் காலி செய்வதாகவே சொல்லிவிட்டு வந்தாள்.

நான் தயங்கித் தயங்கி டாக்டரிடம் சொன்னேன். சிறுநீரக நோய் கால் வீக்கத்தோடு நிற்கும் என்றல்லவா இத்தனை வருஷமும் நினைத்திருந்தோம். அது யோசனையையும் மந்தமாக்கும், கவனத்தைச் சிதறடிக்கும் என்றார் அவர். ரத்தத்தில் கழிவு தேங்குவது, ரத்தசோகை, தூக்கக் கேடு என்று காரணங்கள் பலவாம். அம்மாவுக்கு ரத்தசோகை மிக அதிகம். அதற்கு ஊசி போடுகிறார்கள், தூங்கவிடாத அரிப்புக்கும் மருந்து கொடுத்திருக்கிறார்கள். சிறுநீரகம் பழையபடி ஆகாது, எல்லாமே தெளியும் என்றும் வாக்குக் கொடுக்க முடியாது, சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்வோம் என்றார். தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று மறுபடி கேட்டேன், கோபப்படாமல் மறுபடி சொன்னார்.

நேற்று வெறும் சிப்பாயை வைத்தே என் ராஜாவை மடக்கிவிட்டாள், பாப்பா! நான் கைதட்டினேன். தோற்றவர் கைதட்டுவதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று சிரித்தாள். காலையில் தானே போய்க் கடையை விடவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். இப்போதைக்குச் சின்ன வேலைகள்தான், ஒவ்வொரு துண்டிலும் சுண்ணக்கட்டியால் இடது வலது என்று எழுதிவிட்டுத்தான் வெட்டுகிறாள்.

போனில் அவளிடம் ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் பேசு, பதிலுக்குக் காத்திரு. நீ அவள் பெண், அதனால் நீயும் வருஷாவருஷம் ரத்தமும் சிறுநீரும் சோதித்துக்கொள், மறக்காதே. நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

ஆசிகளுடன்,
அப்பா

பி.கு.: அம்மா இதை வாங்கிப் படித்தாள். பிறகு, "மொத தடவ உங்ககிட்ட தோத்தப்பவே தலைக்குள்ள ஏதோ சரியில்லன்னு எனக்குத் தெரியுங்க. அன்னிக்கு நீங்க ஜெயிச்ச சந்தோஷத்துல பாட்டு முணுமுணுத்துக்கிட்டே பாத்திரம் கழுவினீங்க. எப்படிச் சொல்றது?" என்றாள். ஆகவே, பாப்பா, நான் வரிசையில் எழுதிய இரண்டாவது விஷயம் தவறு.