சாம்பல்தீவுத் திரையில் விழுந்த வரி

என்ர ரவி அண்ணாவுக்கு,

நீங்கள் அரைகுறையாக விட்டுப்போன பெட்டிகள் இரண்டும் பேசத் தொடங்கிவிட்டன. இதை முதலில் உங்களிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் இல்லாததால் எல்லோரும் கேட்கும்படி எழுதுகிறேன்.

கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ. எங்கள் பக்கத்தில் கடலுக்குப் போகக் காற்றைப் பார்த்தால் போதாது. இன்று கடல் உண்டா இல்லையா என்பதை நேவி சொல்ல வேண்டும். அந்தச் சொல் விடியும்போது நகரத்தில், ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் எங்கள் கடற்றொழிலாளர் சங்க அலுவலகத்துக்கு வரும். நகரத்துக்கு வெளியே இருக்கும் சாம்பல்தீவுக் கரைக்குத் தானாகப் போகாது. சண்டை மறுபடி தொடங்கியதும் கைபேசிகளையும் நிறுத்திவிட்டார்கள். ஆகவே நீங்கள் சைக்கிளில் போனீர்கள். ஒருநாள் வழியில் உங்களைச் சுட்டார்கள். யார் என்று தெரிந்தவர்கள் சொல்லவில்லை; விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்கவில்லை. அன்று அந்தக் கரையில் ஒரு தோணியும் இறங்கவில்லையாம். வெயில் ஏறும்வரை நீங்கள் வருவீர்கள் என்று வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம்.

அதன் பிறகு அந்த வீதியால் செய்தி கொண்டுபோக ஒருவரும் முன்வரவில்லை. நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் சாம்பல்தீவில் அக்காவின் புருஷன், எங்கள் அத்தான், குத்துமதிப்பில் கடலுக்குப் போகத் தொடங்கினார். கடல் இல்லாத நாளில் போனால் சுடுவார்கள் என்று அவருக்குத் தெரியாதா? “பிள்ளையள் பசிக்குது எண்டால் என்னத்தைக் குடுக்கிறது? நேவியின்ர சொல்லையோ?” என்று என்னைக் கேட்டார். அன்றுதான் உங்கள் பெட்டிகளைத் தூசி தட்டினேன்.

சமாதானக் காலத்தில் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் சங்கத்துக்கு, கம்பியில்லாமல் எழுத்தை அனுப்பும் இரண்டு வயர்லெஸ் மோடமும் (அந்தப் பெட்டிகள்தான்) இரண்டு கொம்பியூட்டரும் கொடுத்தது நினைவிருக்கும். கொம்பியூட்டர்கள் ‘பாதுகாப்புக்காக’ இன்னும் தலைவர் வீட்டில்தான் இருக்கின்றன. போய்க் கேட்டேன்.

“கடலுக்குப் போறவைக்கு எதுக்குத் தங்கச்சி கொம்பியூட்டர்?”

“உங்கட மகன் எந்தக் கடலுக்குப் போறவர், தலைவர்? அவர்தானே அதில கார் கேம் ஓடிக்கொண்டிருக்கிறார்.”

கதவைச் சாத்திவிட்டார். ஆகவே நீங்கள் துறைமுக அலுவலகக் கழிவுச் சாமான்களிலிருந்து தூக்கி வந்த பழைய டெர்மினல்கள்தான் மிச்சம். திரையும் விசைப்பலகையும் மட்டும். உள்ளே மூளை என்று ஒன்றும் இல்லை. பச்சை எழுத்து, அதுவும் ஆங்கில எழுத்து; தமிழையும் அந்த எழுத்திலேயே அடிக்க வேண்டும். எங்களுக்கு ஒரு வரி போக வேண்டும், ஒரு வரி வர வேண்டும். அதற்கு அது போதும்.

மோடத்தைக் கையில் எடுத்த பிறகுதான் நீங்கள் செய்துவைத்த வேலை தெரிந்தது. அனுமதிக் கடிதம் முத்திரையோடு இருந்தும், “சென்றியில நிக்கிறவன் கடிதத்தை வாசிக்கமாட்டான், பெட்டியைத்தான் வாசிப்பான்” என்று சொல்லி, சோதனைச் சாவடிக்காரர் கண்ணில் படாமல் பெட்டியிலிருந்த வயர்லெஸ் என்ற சொல்லைச் சுரண்டி எடுத்திருந்தீர்கள். சரி. ஆனால் பின்னாலிருக்கும் குட்டிச் சுவிட்சுகளின் எழுத்துகளையும் ஏன் அண்ணா சுரண்டினீர்கள்? எது வேகத்துக்கு, எது எதற்கு என்று உங்கள் தலைக்குள் மட்டும் இருந்தது.

அக்கா நகரத்துக்கு வந்தாள். இரண்டு டெர்மினலையும் அலுவலகத்திலேயே எதிரெதிராக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மோடத்தைக் கொழுவினோம். நான் ஒரு சொல்லை அடிக்க, அவள் பக்கத்தில் கோணல்மாணலான குறிகள் வந்து விழுந்தன.

“என்னடி இது, பேய் கையெழுத்து வைச்ச மாதிரி?”

“பேயில்லையக்கா, அண்ணாதான். பேசாம இரு.”

அவள் சிரித்தாள். பிறகு அழுதாள். நான் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருந்தேன். இரண்டு பக்கத்து வேகமும் ஒன்றானபோது என் பெயர் அவள் திரையில் பிழையில்லாமல் வந்தது. ஆனால் அவளுடைய டெர்மினல் ஒரு எழுத்தையும் திருப்பி அனுப்ப மறுத்தது.

அதுதான் அந்த இயந்திரத்தின் குணம். ஒரு கம்பியில் ‘அனுப்பலாமா?’ என்று கேட்கும். மற்றக் கம்பியில் ‘அனுப்பு’ என்று விடை வரும்வரை வாயைத் திறக்காது. என்னுடையதில் அந்தக் காத்திருப்பை யாரோ முன்பே நிறுத்திவைத்திருந்தார்கள். எங்கள் மோடத்திலோ விடை சொல்லும் கம்பியே இல்லை. இந்த ஊரில் பிறந்த டெர்மினல் என்று நினைத்துக்கொண்டேன். இணைப்பைக் கழற்றி, கேட்கும் ஊசியையும் விடை வரும் ஊசியையும் ஒரு சின்னக் கம்பித் துண்டால் சேர்த்துப் பற்றவைத்தேன். தானே கேட்டுத் தானே அனுமதி கொடுத்துக்கொண்டது. என் திரையில் அக்கா அடித்த முதல் வரி: ‘பசிக்குது, சாப்பாடு வாங்கித் தா.’

அவளுடைய டெர்மினல் மீன் லொறியில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே போனது. மோடத்தை அவள் மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனாள். சென்றியில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சுரண்டியதற்கு உங்களைத் திட்டியதில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

இரண்டு பக்கமும் மோடத்தின் ஏரியலை உயர்த்திக் கட்டினோம். முதல் நாட்களில் கடல் இருந்தது. பயம் இல்லாமல் அடித்தேன். போன கிழமை ஒரு விடியலில் ‘இல்லை’ என்று வந்தது. ‘கடல் இல்லை. போக வேண்டாம்’ என்று அடித்துவிட்டுக் காத்திருந்தேன். திரை சும்மா கிடந்தது. மீண்டும் அடித்தேன். அக்கா குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கிறாளா? அத்தான் ஏற்கெனவே இறங்கிவிட்டாரா? உங்களைக் காத்து நின்றவர்கள் இப்படித்தான் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள், இல்லையா?

பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. அக்கா கரைக்கு ஓடி, இடுப்பளவு தண்ணீரில் நின்ற தோணியை இழுத்து மறித்திருக்கிறாள். அத்தான் தன் கையாலேயே அடித்தார்: ‘தோணியைக் கரையில ஏத்திப்போட்டம். தேத்தண்ணி குடிக்கிறன்.’

நான் மேசையில் தலைவைத்து அழுதேன். அதற்குள் அவருடைய அடுத்த வரி வந்தது: ‘கடல் இல்லையெண்டு சொல்ல மிஷின் வந்திட்டுது. பிள்ளையளுக்குச் சோறு எந்த மிஷினில வரும்?’

அண்ணா, அதற்கு என்ன விடை எழுதுவது? அத்தானின் உயிர் மிஞ்சியது, ஓம். ஆனால் நான் செய்தது என்ன? நேவியின் ‘இல்லை’யை முன்பைவிட வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். நீங்கள் உயிரைக் கொடுத்துச் சுமந்ததும் அதைத்தான். ஒருநாளாவது நாங்கள் யாராவது அவர்களிடம் காரணம் கேட்டோமா?

நேற்று மறுபடியும் ‘இல்லை’ வந்தது. நேரே நேவி முகாமுக்குப் போய் “ஏன்?” என்று கேட்டேன். அங்கிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “சொல்லேலாது” என்றார். திரும்பி வந்து அதையும் அடித்தேன்: ‘கடல் இல்லை. காரணம் கேட்டேன். சொல்ல மறுத்தார்கள்.’

இனி ஒவ்வொரு ‘இல்லை’க்கும் போய்க் கேட்பேன். என்ன சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள் என்பதை ஒரு எழுத்து குறையாமல் சாம்பல்தீவுக்கு அனுப்புவேன். பசியோடு கரையில் இருப்பவனுக்கு அதையாவது தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது. இது உங்கள்மேல் சத்தியம்.

உங்களோடு இன்னும் சண்டை தீராத
தங்கச்சி